போர்க்காலக் கூட்டணிகளை வகுப்பில் நடத்துவது எப்படி? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உலகப்போர்ப் பாடத்தில் குண்டும் டாங்கியும் வரும் பக்கங்களைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்கிறார்கள். ஒப்பந்தம், மாநாடு என்று ஆரம்பித்ததும் கொட்டாவி வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் வரலாறு எடுக்கும் சக ஆசிரியர்கள் பல வருடங்களாக என்னிடம் கேட்டவையும், நான் மூத்தவர்களிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரை வைத்தே பேசியிருக்கிறேன். வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

சண்டையை நடத்தவே நேரம் போதவில்லை. பேச்சுவார்த்தையை வேறு ஏன் நடத்த வேண்டும்?

1941 ஜூன் 22 அதிகாலை ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புவரை சோவியத் சரக்கு ரயில்கள் தானியம் ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்குள் போய்க்கொண்டிருந்தன. மூன்று வாரம் கழித்து, ஜூலை 12 அன்று, பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் மாஸ்கோவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒருவருக்கொருவர் உதவுவோம், எதிரியோடு தனியாகச் சமாதானம் பேச மாட்டோம் என்பது அதன் சாரம். கம்யூனிசத்தைத் தொட்டிலிலேயே நெரித்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் சர்ச்சில். முதலாளித்துவ நாடுகள் தன்னை ஹிட்லரிடம் மாட்டிவிடப் பார்க்கின்றன என்று நம்பியவர் ஸ்டாலின். போர்களை மட்டும் படித்த மாணவரிடம் இந்த மூன்று வாரத்தை விளக்கச் சொல்லிப் பாருங்கள், திணறுவார். யார் எங்கே சண்டை போட்டார்கள் என்பதையே இந்த மாதிரி மூன்று வாரங்கள்தான் முடிவு செய்தன.

"கூட்டணி" என்றாலே பிள்ளைகள் தேர்தல் பேசுகிறார்கள். அதை வைத்தே தொடங்கலாமா?

தாராளமாக. நம் ஊர்ப் பிள்ளைக்குக் கூட்டணி என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள் இந்தத் தேர்தலில் ஒரே மேடையில் கை கோத்து நிற்பதையும், தொகுதிப் பங்கீடு இழுபறியாவதையும் டீக்கடை டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கொள்கை வேறு, கணக்கு வேறு என்பது அவர்களுக்கு அத்துப்படி.

ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அந்த ஒப்புமையைப் பிடித்துத் தொங்காதீர்கள். தேர்தல் கூட்டணி உடைந்தால் சில தொகுதிகள் கைவிட்டுப் போகும். போர்க்காலக் கூட்டணி உடைந்தால் லட்சக்கணக்கானவர்கள் சாவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்சிப் பெயர் ஒன்று வாயிலிருந்து விழுந்தால் போதும், அன்றைய பீரியட் முடிந்தது. பெயரே சொல்லாமல் நடத்துங்கள். ஸ்டாலின் என்றதும் பின் பெஞ்சில் எழும் சிரிப்பை மட்டும் உங்களால் தடுக்க முடியாது. அந்தப் பெயர் இங்கே எப்படி வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

முதல் உலகப்போருக்குக் காரணம் கூட்டணிகள்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமா?

விடைத்தாளில் சொல்லலாம். வகுப்பில் இத்தாலியைக் காட்டுங்கள். 1882-இலிருந்து ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்த நாடு அது. 1914-இல் போர் வந்தபோது, "இது தற்காப்பு ஒப்பந்தம், முதலில் அடித்தது ஆஸ்திரியா, எங்களுக்குக் கடமை இல்லை" என்ற நிலையெடுத்து ஒதுங்கிக்கொண்டது. 1915 ஏப்ரலில் லண்டனில் இரகசிய ஒப்பந்தம் போட்டு, மே மாதம் பழைய கூட்டாளியான ஆஸ்திரியா மீதே போர் அறிவித்தது. சங்கிலி போல ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனது என்கிற படத்தில் இந்த ஒரு கண்ணி பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. அந்த நேரத்தில் ஒரு நாடு என்ன செய்யத் துணிந்தது என்பது இன்னொன்று.

ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் எந்த நாளை எடுப்பீர்கள்?

1939 ஆகஸ்ட் 23. எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

பாடத்தைச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1938 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரைச் சந்திக்க மூன்று முறை விமானம் ஏறினார். அப்போது அவருக்கு வயது 69. மூன்றாவது பயணம் மியூனிக் நகரத்துக்கு. அங்கே செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதி ஜெர்மனிக்குக் கொடுக்கப்பட்டது. செக் பிரதிநிதிகள் அதே ஊரில்தான் இருந்தார்கள். மேஜையில் இடம் கொடுக்கவில்லை. சோவியத் ஒன்றியத்துக்கு அழைப்பே இல்லை. 1939 மார்ச்சில் ஹிட்லர் மிச்சத்தையும் விழுங்கினார். அடுத்தது போலந்து என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பிரிட்டன் போலந்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்த உத்தரவாதத்துக்கு உயிர் வர வேண்டுமானால் சோவியத் துணை வேண்டும்.

இந்த இடத்தில் நான் பலகையில் இரண்டு படம் வரைவேன், ஒரு விமானமும் ஒரு கப்பலும். சென்ற ஆண்டு ஹிட்லரைப் பார்க்க விமானத்தில் பறந்த பிரிட்டன், இந்த ஆண்டு ஸ்டாலினோடு பேச அட்மிரல் டிராக்ஸ் தலைமையிலான குழுவை மெதுவாகப் போகும் கப்பலில் அனுப்பியது. ஆகஸ்ட் 5 அன்று புறப்பட்ட குழு 11 அன்றுதான் மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் எழுத்துமூல அதிகாரமும் டிராக்ஸ் கையில் இல்லை. சோவியத் தரப்பில் பாதுகாப்பு அமைச்சர் வோரோஷிலோவ் எளிமையாக ஒன்று கேட்டார்: ஜெர்மனியோடு சண்டை போட எங்கள் படை போலந்து வழியாகப் போக வேண்டும், போலந்து விடுமா? போலந்து விடாது. இருபது வருடம் முன்பு அதே செம்படையோடு போரிட்ட நாடு அது. உள்ளே வந்த படை திரும்பப் போகும் என்பதற்கு யார் ஜாமீன்?

ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் மாஸ்கோவில் வந்து இறங்கினார், விமானத்தில். அன்றிரவே கையெழுத்தாகிவிட்டது. வெளியே சொன்னது, ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்பது. சொல்லாதது, போலந்தையும் பால்டிக் பகுதியையும் பங்கு போட்ட இரகசிய இணைப்பு. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சோவியத் அரசு 1989 வரை சாதித்தது.

இதோடு விடாமல் வரைபடத்தைக் கிழக்குப் பக்கம் திருப்புங்கள். அதே வாரம் மங்கோலிய எல்லையில் கல்கின் கோல் ஆற்றங்கரையில் செம்படை ஜப்பானியப் படையோடு பெரிய சண்டையில் இருந்தது. ஸ்டாலினுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. ஜப்பானின் கூட்டாளியான ஜெர்மனி, ஜப்பானோடு சண்டை நடக்கும்போதே சோவியத்தோடு கைகுலுக்கிய செய்தி டோக்கியோவில் இடியாக இறங்கியது. சில நாட்களில் அங்கே அமைச்சரவையே ராஜினாமா செய்தது. ஐரோப்பிய வரைபடத்தை மட்டும் மாட்டிவைத்து இந்த ஒப்பந்தத்தை நடத்தினால் ஸ்டாலின் செய்தது புதிராகவே நிற்கும்.

இதை வகுப்பறைச் செயல்பாடாக எப்படி மாற்றுவது?

பின்னால் நடந்ததை மூடிவையுங்கள். ஆகஸ்ட் 22 இரவு என்று பலகையில் எழுதி, அதற்குப் பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். லண்டன், மாஸ்கோ, பெர்லின், வார்சா என்று நான்கு குழு. ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். உனக்கு எதைக் கண்டு பயம்? உனக்கு என்ன வேண்டும்? கொடுக்க உன் கையில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விதான் உயிர். பெர்லின் குழு உடனே எழுதிவிடும்: பாதிப் போலந்து. லண்டன் குழு பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டாலினுக்குக் கொடுக்க அவர்களிடம் போர் மட்டும்தான் இருந்தது. ஹிட்லரிடம் நிலமும் இருந்தது, கொஞ்ச காலம் போரில்லாத நிம்மதியும் இருந்தது. வார்சா குழுவுக்கு நான் நாற்காலி போடுவதில்லை. சுவரோரம் நின்று பார்க்கட்டும். ஒரு வருடம் அந்தக் குழுவில் நின்ற மாணவி, "சார், எங்களைப் பத்தித்தான் பேசுறாங்க, எங்ககிட்ட மட்டும் யாரும் பேசலை" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகள் கட்டாயம் "ஹிட்லர் ஏமாத்துவான்னு ஸ்டாலினுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்பார்கள். ஆகஸ்ட் 22-இல் நின்று யோசிக்கச் சொல்லுங்கள். கதை முடிந்த பிறகு எல்லோரும் புத்திசாலிகள்.

பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் மூவரும் கடைசிவரை நண்பர்களாகத்தானே இருந்தார்கள்?

"நேச நாடுகள்" என்கிற நம் சொல்லே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். நேசம் என்றால் அன்பு என்றுதான் பிள்ளை படிக்கும். உள்ளே இருந்தது ஓயாத கணக்கு வழக்கு.

பெரிய தகராறு இரண்டாம் போர்முனை பற்றியது. ஜெர்மனியின் பெரும்படையைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்டாலின், மேற்கே பிரான்சில் இறங்கி எங்கள் சுமையைக் குறையுங்கள் என்று 1941-இலிருந்தே கேட்டார். 1942 ஆகஸ்டில் சர்ச்சில் மாஸ்கோவுக்கே போய், இந்த வருடம் முடியாது என்று நேரில் சொன்னார். 1943-லும் நடக்கவில்லை. நார்மண்டியில் இறங்கியது 1944 ஜூன் 6. போர் முடிந்தபோது சோவியத் மக்களில் சுமார் 2.7 கோடி பேர் இறந்திருந்தார்கள். நாங்கள் இரத்தம் கொடுத்தோம், அவர்கள் சாமான் கொடுத்தார்கள் என்கிற மனக்குறை அங்கே கடைசிவரை போகவில்லை.

அந்தச் சாமானும் சின்ன விஷயம் இல்லை என்பதையும் சொல்லுங்கள். 1941 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ் நேச நாடுகளுக்குப் போனவற்றின் மதிப்பு சுமார் 5,000 கோடி டாலர். அதில் பெரும்பங்கு பிரிட்டனுக்கு. சோவியத் ஒன்றியத்துக்குச் சுமார் 1,100 கோடி. லாரியும் ஜீப்புமாக மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் வண்டிகள் சோவியத்துக்குப் போயின.

பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைப்பது அடுத்த செய்தி. அந்தச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பசிபிக் கடலில் ஜப்பானை ஒட்டியே விளாடிவாஸ்டாக் துறைமுகத்துக்குப் போனது. அமெரிக்காவோடு போரில் இருந்த ஜப்பான் அதை ஏன் தடுக்கவில்லை? கப்பல்களில் பறந்தது சோவியத் கொடி. சோவியத்தோடு ஜப்பானுக்கு 1941 ஏப்ரலில் போட்ட நடுநிலை ஒப்பந்தம் இருந்தது. தன் கூட்டாளி ஜெர்மனியை அடிக்கப் போகிற லாரிகள் தன் கண்ணெதிரே போவதை ஜப்பான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் அச்சு நாடுகள் இன்னும் ஒற்றுமையாக இருந்தனவா?

அங்கே ஒற்றுமை இன்னும் மோசம். பேர்ல் துறைமுகத் தாக்குதலை ஜப்பான் ஜெர்மனியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஹிட்லர், முசோலினி, ஜப்பானியப் பிரதமர் மூவரும் ஒரு மேஜையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. எதிர்ப்பக்கத்தில் டெஹ்ரான், யால்டா, போட்ஸ்டாம் என்று மூன்று தடவை கூடினார்கள். ஒரு வீட்டுப்பாடக் கேள்விக்கு இந்த ஒப்பீடு போதும்.

யால்டா மாநாட்டை நடிக்க வைக்கலாமா? பயனுண்டா, வெறும் கூத்தாகிவிடுமா?

சுருட்டும் ஒட்டுமீசையும் வந்தால் கூத்துதான். ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடை இல்லாமல், நாற்பத்தைந்து பேர் வகுப்பில் இப்படிச் செய்யலாம். தலைக்கு எட்டுப் பேராக மூன்று தூதுக்குழு. ஒருவர் தலைவர், ஒருவர் வெளியுறவு அமைச்சர், ஒருவர் தளபதி, மற்றவர்கள் குறிப்பெடுப்பவர்கள். மீதிப் பேரில் பாதி போலந்து, பாதி சீனா. இவர்கள் அறைக்கு வெளியே, அதாவது வராந்தாவில். தலைப்பு மூன்றே மூன்று: போலந்தை யார் ஆள்வது, ஐக்கிய நாடுகள் சபையில் வாக்கு எப்படி, ஜப்பான் மீது சோவியத் எப்போது போர் தொடுப்பது. ஜெர்மனியைப் பிரிப்பது, இழப்பீடு எல்லாவற்றையும் சேர்த்தால் மணி அடித்துவிடும்.

எல்லோருக்கும் முன்னால் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். மாநாடு நடந்தது 1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை, கிரிமியாவின் லிவாடியா அரண்மனையில். அப்போது செம்படை பெர்லினிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் நின்றது. போலந்து முழுக்க ஏறத்தாழ அதன் கையில். அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் ரைன் நதியையே இன்னும் தாண்டவில்லை. அணுகுண்டைச் சோதித்துப் பார்க்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஜப்பானுக்குள் இறங்கினால் எத்தனை ஆயிரம் வீரர்கள் சாவார்கள் என்கிற பயம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு. இதைக் கையில் கொடுத்த பிறகு, "ரூஸ்வெல்ட் போலந்தை விற்றுவிட்டார்" என்று யாராவது சொன்னால், அவர் கையில் விற்க என்ன இருந்தது என்று அடுத்த பையனே கேட்பான். இல்லை, அழுத்திக் கேட்டிருந்தால் கொஞ்சமாவது கிடைத்திருக்கும் என்று இன்னொரு பெண் வாதிடுவாள். வரலாற்று அறிஞர்களும் இன்றுவரை இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் வராந்தாக் குழுக்களை உள்ளே கூப்பிட்டு முடிவுகளை வாசித்துக் காட்டுங்கள். மஞ்சூரியாவில் சோவியத்துக்கு ரயில்பாதை உரிமையும் துறைமுக உரிமையும் கொடுப்பதாக மூவர் பேசிக்கொண்டது சீனாவின் நிலம் பற்றி. சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு அப்போது சொல்லவில்லை. சீனக் குழுவின் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

ஹிட்லர் பாத்திரத்தை மட்டும் எந்தச் செயல்பாட்டிலும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். நாடாகப் பேசட்டும், ஆளாக நடிக்க வேண்டாம்.

வகுப்பில் ஹிட்லர் ரசிகர்கள் இருக்கிறார்களே, என்ன செய்வது?

இருக்கிறார்கள். "என்ன இருந்தாலும் தைரியசாலி சார்" என்பான் ஒருவன். வாட்ஸப்பில் வரும் பொன்மொழிப் படங்கள் இதற்கு உரம். திட்டினால் பிடிவாதம்தான் கூடும். ஹிட்லர் கையெழுத்திட்ட வாக்குறுதிகளையும் அவை எத்தனை நாள் நின்றன என்பதையும் பட்டியல் போடச் சொல்லுங்கள். போலந்தோடு 1934-இல் பத்து வருட உடன்பாடு, 1939-இல் படையெடுப்பு. மியூனிக், ஆறு மாதத்தில் காலி. சோவியத் ஒப்பந்தம், இரண்டு வருடம்கூட இல்லை. யூதர்கள் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டதை அதே பீரியடில், அதே குரலில் சொல்லுங்கள். அடுத்த பாடத்துக்கு ஒத்திப் போடாதீர்கள்.

இதில் இந்தியா எங்கே வருகிறது?

கையெழுத்துப் போடும் இடத்தில் வருகிறது, முடிவெடுக்கும் இடத்தில் வருவதில்லை. அந்த முரண்தான் இங்கே பாடம்.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் ஒருவரையும் கேட்காமல், இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதே பேரரசில் இருந்த கனடா தன் நாடாளுமன்றத்தைக் கூட்டி, செப்டம்பர் 10 அன்று தானாகப் போர் அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் "காலனி", "டொமினியன்" என்கிற சொற்களுக்குத் தனியாகப் பொருள் சொல்ல வேண்டாம். காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜி அமைச்சரவையும் போயிற்று.

1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நியூஃபவுண்ட்லாந்துக் கடலோரத்தில் போர்க்கப்பலில் சந்தித்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். தாம் எந்த ஆட்சியின் கீழ் வாழ்வது என்பதை எல்லா மக்களும் தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிப்போம் என்றது மூன்றாவது அம்சம். செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில், அது நாஜிகளின் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளைப் பற்றியது, இந்தியா, பர்மா விஷயம் தனி என்று விளக்கிவிட்டார். சாசனத்தை வாசிக்க விட்டு, "இதில் நாம் இருக்கிறோமா?" என்று கேளுங்கள். கைகள் உயரும். பிறகு சர்ச்சில் சொன்னதைச் சொல்லுங்கள்.

1942-இல் விஷயம் வீட்டு வாசலுக்கே வந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். அமெரிக்காவின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் டெல்லி வந்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் 9-இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் உட்பகுதி ஊர்களுக்குப் போனது அந்த ஏப்ரலில்தான். உங்கள் ஊரில் தாத்தா பாட்டி வழியாக அந்தக் கதை எந்த வீட்டிலாவது மிஞ்சியிருக்கும், பிள்ளைகளை விசாரித்து வரச் சொல்லுங்கள். போருக்குப் பின் டொமினியன் தகுதி என்றார் கிரிப்ஸ். பாதுகாப்புத் துறை இப்போதே யார் கையில் என்று கேட்டது காங்கிரஸ். பேச்சு முறிந்தது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு.

ஒரு பெயரை விட்டுவிடாதீர்கள்: ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சிக்காரர், சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவைக் கூட்டங்களில் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். அதே ஊரில், அதே நாட்களில், இந்தக் குழு இந்திய மக்களின் குழு இல்லை என்று விஜயலட்சுமி பண்டிட் வெளியே பேசிக்கொண்டிருந்தார். சுதந்திரம் இல்லாத நாடு ஐ.நா.வின் நிறுவன உறுப்பினரானது எப்படி என்று கேட்டு விவாதம் வைத்தால் நன்றாகச் சூடுபிடிக்கும்.

நேதாஜி அச்சு நாடுகளோடு சேர்ந்தது சரியா என்று பிள்ளைகள் கேட்டால்?

சரி, தவறு என்று தீர்ப்பு எழுத முன்னால் அதே மூன்று கேள்வியைப் போடச் சொல்லுங்கள். போஸுக்கு வேண்டியது தெளிவு. கையில் என்ன இருந்தது? பெர்லினில் இருந்தபோது மிகக் கொஞ்சம். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். இந்திய விடுதலையை ஆதரித்து அவர் எதிர்பார்த்த பகிரங்க அறிவிப்பு கிடைக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் நிலைமை வேறு. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணிப் படையில் பெண்களும். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது.

அதே ஜப்பான்தான், அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போய்க் காலராவிலும் பட்டினியிலும் சாகவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் நடத்துங்கள். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் இல்லை. வகுப்பு கனத்துப்போகும், போகட்டும்.

மூல ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் வழி வகுப்பில் எப்படி?

முழு ஆவணம் யாருக்கும் வேண்டாம். ஐந்து வரி போதும், நீங்களே தமிழாக்கிப் பலகையில் எழுதுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை டெஹ்ரான், யால்டா மாநாட்டுக் குறிப்புகளைத் தொகுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

தொடக்கத்துக்கு நான் சொல்வது 1917-இன் சிம்மர்மன் தந்தி. சின்னது, துப்பறியும் கதை போன்றது. அமெரிக்கா போரில் இறங்கினால் நீ எங்களோடு சேர், நீ இழந்த டெக்ஸஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுத் தருகிறோம் என்று ஜெர்மனி மெக்சிகோவுக்கு ஆசை காட்டியது. பிரிட்டன் இடைமறித்துச் சங்கேதத்தை உடைத்து அமெரிக்காவிடம் கொடுத்தது. போலி என்று பலர் சொல்லிக்கொண்டிருக்க, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மனே ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்று ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 6-இல் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது.

சற்றுக் கெட்டிக்கார வகுப்பு என்றால், 1944 அக்டோபரில் சர்ச்சில் மாஸ்கோவில் ஸ்டாலினிடம் நீட்டிய துண்டுத்தாளை எடுங்கள். ருமேனியாவில் 90 சதவீதச் செல்வாக்கு உங்களுக்கு, கிரீஸில் 90 எங்களுக்கு, யூகோஸ்லாவியா பாதிப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டார். இந்தக் காட்சி நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவது முக்கியமாகச் சர்ச்சில் தானே எழுதிவைத்ததால். கதை சொன்னவரே கதாநாயகனாகவும் இருந்தால் எவ்வளவு நம்பலாம் என்று கேளுங்கள்.

இதெல்லாம் பொதுத்தேர்வுக்கு உதவுமா?

ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவாது, அதற்கு மனப்பாடம்தான். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு உதவும். காரணங்களை வரிசை மாறாமல் எழுதுகிறார்கள், ஆண்டுகளைக் குழப்புவதில்லை. கப்பலையும் விமானத்தையும் பார்த்த பிள்ளை 1938-ஐயும் 1939-ஐயும் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை. திருப்புதல் தேர்வு நெருங்கும்போது எந்தச் செயல்பாடும் வேண்டாம். தலைமையாசிரியரிடமும் திட்டு, பெற்றோரிடமும் திட்டு.

எல்லாம் நடத்திய பிறகு "எல்லாருமே ஏமாத்துக்காரங்க சார்" என்று முடிக்கிறார்களே?

இது எனக்கும் நடந்தது. நான் நடத்திய விதத்தில் அந்த எண்ணம் வராமல் போனால்தான் ஆச்சரியம். இப்போது காப்பாற்றப்பட்ட வாக்குறுதிகளையும் தேடிக் காட்டுகிறேன். தனியாகச் சமாதானம் பேச மாட்டோம் என்ற 1941 உடன்பாட்டை, இவ்வளவு சந்தேகத்துக்கு நடுவிலும், யாரும் மீறவில்லை. 1944 டிசம்பரில் ஏதென்ஸில் பிரிட்டிஷ் படை கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டபோது, துண்டுத்தாளில் டிக் போட்ட ஸ்டாலின் வாயே திறக்கவில்லை. யால்டாவில், ஜெர்மனி வீழ்ந்த இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மீது போர் தொடுப்பேன் என்றார். ஜெர்மனி சரணடைந்தது மே 8. சோவியத் போர் அறிவித்தது ஆகஸ்ட் 8. நாள் பிசகவில்லை.

அத்தோடு விட்டால் பிள்ளைகள் திருப்தியாகப் போய்விடுவார்கள். நான் விடுவதில்லை, அதே ஆகஸ்ட் 8-ஐ மாஸ்கோவிலிருந்த ஜப்பானியத் தூதர் சாட்டோவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். சமாதானத்துக்கு சோவியத் நடுவராக வர வேண்டும் என்று ஜப்பான் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. நடுநிலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சோவியத் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தாலும், அதன்படி இன்னும் எட்டு மாதம் மிச்சம் இருந்தது. அன்று மாலை சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் கூப்பிட்டு அனுப்பியபோது, பதில் கிடைக்கப்போகிறது என்று நினைத்துத்தான் சாட்டோ போனார். மோலோடோவ் போர் அறிவிப்பை வாசித்தார்.